சூதும் கழுவாயும்

(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார் விலக்க வேண்டிய தீயொழுக்கங்களைச் சமண அறநூல்கள் ஏழாக வகுத்து, அவற்றைச் 'சப்த வியசனம்' என்று வழங்கின. சூது, ஊன், கள், பரத்தைமை, வேட்டை, களவு, பிறர்மனை நயத்தல் என்பன அவை. இவ்வேழனுள் சூது முதற்கண் வைத்து எண்ணப்படுகிறது. உழையாது வரும் பொருளின்மேல் ஒருவனுக்கு வேட்கையை மூட்டி, ஏனைய ஆறிற்கும் கதவைத் திறந்துவிடுவது அதுவே. வள்ளுவப் பெருந்தகையும் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தைச் சூதிற்கென்றே ஒதுக்கினார்.

"அது கவறாடிய காலத்துச் செய்தி, இன்று கவறு உருட்டுவார் யாவர்?" என்று சிலர் வினவக்கூடும். கவறு இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் நின்றவாறே, அடுத்த ஓவரில் எத்தனை ரன் என்று ஓர் இளைஞன் பணம் கட்டிவிட முடியும். பக்கத்தில் நிற்கும் தந்தைக்கும் அது தெரியாது.

சென்னையின் தென்புற நகர்களில் வாழும் குடும்பங்களுக்கு இஃது அயலார் செய்தியன்று. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களினின்றும் பணியின் பொருட்டு வந்த தமிழ்ச் சமணர் பலர் இப்பகுதிகளில் வாழ்கின்றனர். 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும், 1952இல் மீனம்பாக்கத்தில் தோன்றிய ஏ.எம். ஜெயின் கல்லூரியும் இப்பகுதி இளைஞர்க்குக் கல்வியோடு ஆடுகளமும் தந்தவை. மாலைதோறும் பந்துதைக்கும் எளிய வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டே வாழ்வுக்கு வழியாகவும் அமைகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். தேர்ச்சி பெற்றால் தெற்கு இரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி போன்ற அணிகளில் ஆடும் வாய்ப்பு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் சிறந்த வீரர்க்கென 3 விழுக்காட்டு ஒதுக்கீடு. இவை யாவும் 'தகுதி' என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கின்றன. ஆட்டத்திறன் அத்தகுதியின் ஒரு பாதி. அவன் நேர்மையாக ஆடுகிறான் என்று பிறர் கொள்ளும் நம்பிக்கை மறு பாதி. சூதின் நிழல் படிந்தால் இரண்டாம் பாதி முதலில் போய்விடும். போனது மீளுமா? நாடறிந்த வழக்கு ஒன்று இதற்கு விடை கூறும்.

கேரளத்தின் வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த், 2007இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் பிடித்து வெற்றியை உறுதி செய்தவர். 2011இல் உலகக் கோப்பை வென்ற அணியிலும் இடம்பெற்றவர். 27 டெஸ்ட் ஆட்டங்களில் 87 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். 2013 மே 16ஆம் நாள், ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகியோருடன் டெல்லிக் காவல்துறையால் அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர் மொகாலியில் நடந்த ஆட்டத்தில், தரகரோடு பேசிவைத்தபடி ஓர் ஓவரில் ரன்களை விட்டுக்கொடுக்க முனைந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவர் அதனை மறுத்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 30. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் மூவரையும் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது. எனினும் வாரியத்தின் தடை நீங்கவில்லை. 2017 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தடையை மீட்டது. இறுதியில் 2019 மார்ச் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் நிகழ்ந்தது என்ற வாரியத்தின் முடிவை அது மாற்றவில்லை. வாழ்நாள் தடை என்ற தண்டனையை மட்டும் நீக்கி, மூன்று மாதத்திற்குள் தண்டனையின் அளவை மீண்டும் ஆராயுமாறு பணித்தது. வாரியத்தின் விதிப்படி இக்குற்றத்திற்கு ஐந்தாண்டு முதல் வாழ்நாள்வரை தடை விதிக்கலாம். இவ்வளவு இடைவெளி இருக்கையில், குற்றத்தைக் கூட்டுவன எவை, குறைப்பன எவை என்று எடைபோடாமல் உச்ச அளவை விதித்தது முறையன்று என்பதே தீர்ப்பின் கருத்து. அதன்பின் 2019 ஆகஸ்டில் வாரியத்தின் குறைதீர் அதிகாரி நீதிபதி டி.கே. ஜெயின், தடையை ஏழாண்டாகக் குறைத்தார்.

குற்றம் ஒன்று, அதற்குரிய அளவு வேறொன்று என்று பிரித்துக் காணும் இப்பார்வை சமண மரபிற்குப் புதிதன்று. அகத்தவம் ஆறனுள் முதலாவது பிராயச்சித்தம், அதாவது கழுவாய். தத்துவார்த்த சூத்திரம் அதனை ஒன்பதாக வகுக்கிறது. பிழையை ஆசிரியரிடம் ஒளியாது உரைத்தல் ஆலோசனம். அதற்கு வருந்தி மீளுதல் பிரதிக்கிரமணம். இவ்விரண்டும் ஒருங்கு சேர்ந்தது மூன்றாவது. விவேகம், வியுத்சர்க்கம், தவம் என்பன அதன் மேற்படிகள். ஏழாவதான 'சேதம்' துறவியின் தவமூப்பில் சில காலத்தைக் கழித்துவிடுவது; நேற்றுவரை மூத்தவராயிருந்தவர் இன்று இளையவராக நிற்பார். எட்டாவதான 'பரிகாரம்' குறித்த காலம்வரை சங்கத்தினின்றும் விலக்கி வைப்பது. ஒன்பதாவது 'உபஸ்தாபனம்', பிழைத்தவரை மீண்டும் தீட்சையளித்து நெறியில் நிறுத்துவது. விலக்குவதை எட்டாவதாக வைத்தவர்கள், மீட்பதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறார்கள். முதற்படியோ ஒளியாது உரைப்பது.

ஒளியாது உரைத்தலின் பயனுக்கு அயல்நாட்டுச் சான்று இரண்டு உண்டு. பாகிஸ்தானின் முகமது ஆமிர் 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில், பணத்திற்காக வேண்டுமென்றே நோ-பால் வீசியபோது அவருக்கு வயது 18. ஐந்தாண்டுத் தடையும் இங்கிலாந்தில் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விசாரணைக்கும் ஒத்துழைத்தார். அதனால் தடைக்காலம் முடியுமுன்னரே உள்நாட்டு ஆட்டங்களில் ஆட இசைவு கிடைத்தது. 2017இல் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்திய அணியின் முதல் மூன்று விக்கெட்டுகளையும் அவரே வீழ்த்தினார். இத்தாலியக் கால்பந்து வீரர் சாண்ட்ரோ தொனாலி 2023இல், தமது 23ஆம் வயதில், கால்பந்தின்மீது பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டார். பத்து மாதம் ஆடத் தடை. அதனோடு எட்டு மாத மருத்துவ ஆற்றுப்படுத்தலும், இளைஞர் முன் குறைந்தது 16 முறை சூதின் தீமை பற்றிப் பேச வேண்டும் என்ற கடப்பாடும் விதிக்கப்பட்டன. 2024இல் அவர் நியூகாசில் அணிக்குத் திரும்பினார். சூதை நோயாகவும் கண்டு, மருந்தையும் சேர்த்து விதித்த தண்டனை அது.

ஆயினும் இளைஞர்கள் இதனை எளிய கணக்காகக் கொள்ளலாகாது. ஸ்ரீசாந்த்தின் தடை 2020 செப்டம்பரில் முடிந்தபோது அவருக்கு வயது 37. 2021 சனவரியில் சையது முஷ்டாக் அலி கோப்பையில் கேரளத்திற்காக மீண்டும் பந்து வீசினார். மறுமாதம் விஜய் ஹசாரே கோப்பையில் உத்தரப் பிரதேசத்திற்கு எதிராக ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே மாதம் நடந்த ஐ.பி.எல். ஏலத்தின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2022 மார்ச்சில் ஓய்வு பெற்றார். தகுதி திரும்பக் கிடைத்தது. அதனைப் பயன்படுத்தும் வயது திரும்பவில்லை. வேகப்பந்து வீச்சாளனுக்கு ஏழாண்டு என்பது ஏறத்தாழ ஒரு முழு வாழ்க்கை. கல்லூரி வீரனுக்கோ மூன்றாண்டுப் படிப்புக் காலத்தில் ஓராண்டு விலக்கே போதும். தேர்வாளர் கண்ணில் படாமலே அவன் காலம் கழிந்துவிடும்.

இனி, பழி முழுவதும் ஆடுகளத்தில் நின்றவனுக்கே உரியதா என்பதையும் எண்ண வேண்டும். தீவினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகைப்படும் என்பது சமணக் கோட்பாடு. அதே 2013இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டிய வழக்கில் கைதானார். நீதிபதி லோதா குழு 2015 ஜூலையில் அவருக்கு வாழ்நாள் விலக்கு விதித்தது. சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டு இடைநிறுத்தப்பட்டன. எப்பிழையும் செய்யாத வீரரும், சேப்பாக்கத்தில் ஆரவாரித்த இளைஞரும் அந்த இழப்பில் பங்கு கொண்டனர். சித்தார்த் திரிவேதி என்ற வீரர், தரகர் தம்மை அணுகியதை அறிவிக்காமல் இருந்ததற்காக ஓராண்டு விலக்கப்பட்டார். அறிந்தும் வாளாவிருத்தல் பிழையே என்று விளையாட்டு விதியும் கூறுகிறது. சிறு தொகைதானே என்று பந்தயம் கட்டும் பார்வையாளன் உடன்படுதல் என்னும் மூன்றாம் வகையில் வந்து நிற்கிறான். அவனைப் போன்றோர் இலக்கக்கணக்கில் கட்டும் சிறு தொகைகளே தரகனின் முதல். அம்முதல்தான் வீரனிடம் விலை பேசச் செல்கிறது.

கள்ளாமை விரதத்திற்கு ஏற்படும் ஐந்து குற்றங்களுள், கள்ள அளவும் கலப்படமும் அடங்கும். நல்ல பொருளெனக் காட்டிப் போலியை விற்பது களவின் கிளை என்று வணிகர்க்கு உரைத்த விதி அது. ஓர் ஓவரை விற்றுவிட்ட ஆட்டமும் கலப்படச் சரக்கே. சீட்டு வாங்கி வந்தவன் மெய்யான போட்டியென நம்பிப் பார்க்கிறான். அவனுக்குப் பரிமாறப்பட்டதோ போலி. ஆதலின் இது பிறர் நம்பிக்கையைத் திருடும் களவு. நூற்றாண்டுகளாகக் கடைத்தராசின் நேர்மையைக் காத்து வந்த சமூகத்திற்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரசும் தன் கடமையைச் செய்ய முயன்றிருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை 2022இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. சட்டம் செயலியை மூடலாம். வீட்டு அறைக்குள் ஒரு பிள்ளை மறைத்து வைத்திருக்கும் முதல் கடனை அது அறியாது.

அதனை அறிய வேண்டியவர் பெற்றோர். ஐயாயிரம் தோற்றவன் அதனைச் சொல்ல அஞ்சிப் பதினாயிரம் கடன் வாங்குகிறான். அதனை மீட்க இன்னும் தோற்கிறான். தரகனின் வலையில் வீரன் விழுவதும், விரக்தியில் ஓர் இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்வதும் இந்த மறைவிடத்திலேதான் தொடங்குகின்றன. "அப்பா, தவறு செய்துவிட்டேன்" என்று பிள்ளை வாய் திறக்கும் நொடியே ஆலோசனம் என்னும் முதற்கழுவாய். அந்நொடியில் அடியும் வசையும் எழுந்தால், அவன் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டான். கடனைக் கணக்கிட்டுத் தீர்க்க வழி காண்பதும், அதற்குரிய பொறுப்பை அவன்மேல் அளவோடு சுமத்துவதும், செயலியை அவன் கையாலேயே நீக்கச் செய்வதும் பெற்றோர் கடன். மாணவர்களோ, முதற்பந்தயம் கட்டுமுன்பே சூதொழிப்பு விரதத்தை மேற்கொள்ளல் நன்று. ஏழு வியசனங்களுள் முதலாவதை விடுத்தவனுக்கு ஏனைய ஆறும் தொலைவிலேயே நிற்கும்.

வழுக்கியவனுக்கு மீளும் வழி உண்டென்பது அருகன் அறம். அவ்வழி நெடிது என்பதையும், வழுக்காதவனுக்கு அது தேவையே இல்லை என்பதையும் பிள்ளைகட்கு இளமையிலேயே உணர்த்துதல் பெரியோர் பொறுப்பு. அறம் வளர்க, அருள்நெறி ஓங்குக. ஜெய் ஜினேந்திரா.