வில்லைக் கீழே வைத்த கலைஞர்



1890 ஆம் ஆண்டில் ஒருநாள், பார்சிலோனாத் துறைமுகத்தை அடுத்திருந்த பழைய இசைநூற் கடையொன்றினுள் ஒரு தந்தையும் மகனும் நுழைந்தார்கள். மகனுக்கு வயது பதின்மூன்று. இரவில் உணவுச்சாலையொன்றில் செல்லோ வாசித்துச் சிறு ஊதியம் பெற்றுவந்தவன் அவன். அங்கு வாசிப்பதற்குப் புதிய உருப்படிகள் தேடியே கடைக்கு வந்திருந்தான். பழந்தாள்களைப் புரட்டியபோது, ஜேர்மனிய இசைமேதை யொஹான் செபஸ்தியன் பாஹ் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு தொகுதிகள் கையில் அகப்பட்டன. அப்படியொரு படைப்பு உண்டென்பதை அவனுடைய ஆசிரியர்கள் கூட அவனுக்குச் சொன்னதில்லை.

அன்று தொடங்கிய சாதகம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதன் பின்னரே அவற்றுள் ஒன்றை அவையில் முழுமையாக வாசிக்க அவன் துணிந்தான். வெறும் விரற்பயிற்சி என ஒதுக்கப்பட்டிருந்த அவ்விசை, இன்று செல்லோ பயில்வோர் அனைவருக்கும் வேதம் போல் விளங்குகின்றது. அந்தச் சிறுவனே பப்லோ கஸால்ஸ்.

செல்லோவைக் கண்டிராத நேயர்களுக்காக ஒரு சொல். அது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு தந்திக் கருவி. உருவில் வயலினிலும் பெரியது. கதிரையில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லினால் வாசிப்பர். வயலினிலும் தாழ்ந்து, கனிந்த ஆண்குரலை ஒத்து ஒலிப்பது.

கஸால்ஸ் 1876 டிசெம்பர் 29 இல், ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியிலுள்ள எல் வென்ட்ரெல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். இசை சோறு போடாது என்று அஞ்சி, மகனைத் தச்சுத் தொழிலில் விட நினைத்தார். தாயார் இணங்கவில்லை, மகனைத் தாமே பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்று இசைப் பள்ளியிற் சேர்த்தார். பின்னர் பரிஸ் நகரில் குடும்பம் வறுமையில் வாடிய நாளொன்றில், அந்த அம்மையார் தம் நீண்ட கூந்தலை வெட்டி விற்றுக் காசு கொண்டுவந்தார் எனக் கஸால்ஸ் தம் நினைவுகளிற் கூறியுள்ளார்.

அக்காலத்துச் செல்லோ மாணவன், வில்பிடிக்கும் கையின் கக்கத்தில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டே வாசித்துப் பழகவேண்டும். முழங்கை உடலை விட்டு விலகலாகாதாம். கஸால்ஸ் இளமையிலேயே அந்தக் கட்டை அவிழ்த்தார். கையை இயல்பாக வீசவிட்டார். இடக்கை விரல்களையும் அகல விரித்து, தந்தியின் மேல் தேவையற்ற தாவல்களைத் தவிர்த்தார். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். புத்தகம் விழாதிருப்பதையே படிப்பு என்று எண்ணிய நாள்கள் எனக்கும் உண்டு. ஆதலால் இச்செய்தியை எளிதில் கடந்துபோக என்னால் இயலவில்லை.

1899 இல் லண்டனிலும் பரிஸிலும் கிட்டிய வெற்றிக்குப் பின் புகழ் விரைந்து வளர்ந்தது. விக்டோரியா மகாராணியார் முன்னிலையில் வாசித்தார். 1904 இல் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் முன்னிலையிலும் வாசித்தார். ஈட்டிய பொருளைக் கொண்டு 1920 இல் பார்சிலோனாவில் ஓர் இசைக்குழுவை நிறுவினார். தொழிலாளர் குறைந்த கட்டணத்தில் நல்லிசை கேட்பதற்கென ஒரு சங்கமும் பின்னர் எழுந்தது.

1936 யூலை 18 மாலை. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இராணுவக் கிளர்ச்சி மூண்டுவிட்டது, உடனே கலைந்து செல்லுங்கள் என்று ஆள் வந்து சொன்னான். கஸால்ஸ் குழுவினரை நோக்கி, இப்போதே பிரிவோமா, முடித்துவிட்டுப் பிரிவோமா என வினவினார். முடிப்போம் என்றார்கள் அனைவரும். மானிடர் யாவரும் உடன்பிறந்தோர் எனப் பாடும் அந்த இறுதிப் பகுதியைப் பாடிமுடித்த பின்னரே கலைந்தார்கள். அவர்கண்ணில் நீர் திரண்டு, இசைத்தாளின் எழுத்துகள் மறைந்தனவாம்.

1939 இல் பிராங்கோவின் படை வென்றது. கஸால்ஸ் பிரான்சின் தென்னெல்லையிலுள்ள பிராட் என்னும் சிற்றூரில் அகதியாகக் குடியேறினார். முகாம்களில் வாடிய தம் நாட்டவருக்காகக் கடிதம் எழுதுவதும் பொருள் திரட்டுவதுமே தொழிலாயிற்று. ஜேர்மனிய அதிகாரிகள் வீடு தேடிவந்து, தம் நாட்டில் வாசிக்க அழைத்தபோதும் அவர் மறுத்துவிட்டார்.

போர் 1945 இல் முடிந்தது. ஹிட்லரை வீழ்த்தியவர்கள் பிராங்கோவையும் அகற்றுவார்கள் என்று அவர் நம்பினார். அவர்கள் அகற்றவில்லை. பிராங்கோவின் ஆட்சியை ஏற்கும் நாடுகளில் இனி வாசிப்பதில்லை என்று கஸால்ஸ் உறுதிபூண்டார். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அளிக்க முன்வந்த கௌரவப் பட்டங்களையும் ஏற்கவில்லை. எழுபதை நெருங்கும் கலைஞருக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் எத்தனை? அவற்றை மௌனத்துக்குக் கொடுத்தார்.

1950 இல், பாஹ் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தபோது, இவர் வெளியே வராவிட்டால் நாம் அங்கே போவோம் என்று உலகின் இசைவாணர் பலர் பிராட்டுக்கே வந்து விழா நடத்தினர். 1958 இல் ஐக்கிய நாடுகள் சபையில் வாசித்தார். அது பல நாடுகளில் வானொலி மூலம் கேட்கப்பட்டது. 1961 நவம்பரில் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று, வெள்ளை மாளிகையிலும் வாசித்தார். அமெரிக்கா பிராங்கோவுடன் உறவு கொண்டிருந்த நாடாயிற்றே, விரதம் குலைந்துவிட்டதே என்று கேட்போர் உண்டு. குலைந்தது உண்மைதான். ஆனால் பணத்துக்கோ புகழுக்கோ அவர் போகவில்லை. தம் மக்களின் குறையைக் கேட்கக்கூடிய ஒருவர் என நம்பியே போனார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை என்பது வேறு. என் கணக்கில், அது அவருடைய மௌனத்தைச் சிறுமைப்படுத்தவில்லை.

1971 ஒக்டோபரில், தொண்ணூற்று நான்கு வயதில், மீண்டும் ஐக்கிய நாடுகள் சபையில் தோன்றினார். பறவைகளின் பாட்டு எனும் கத்தலோனிய நாட்டுப்பாடலைச் செல்லோவில் வாசித்தார். தம் நாட்டுப் பறவைகள் வானில் எழும்போது சமாதானம் என்றே கூவுகின்றன என்று வாசிக்குமுன் சொன்னார்.

1973 ஒக்டோபர் 22 இல், தம் அன்னை பிறந்த புவேட்டோ றிக்கோத் தீவில் அவர் காலமானார். பிராங்கோ அதற்குப் பின்னும் இரண்டாண்டுகள் ஆட்சியிலிருந்தார். 1979 இல், ஸ்பெயினில் மக்களாட்சி மீண்ட பின்னர், கஸால்ஸின் உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, எல் வென்ட்ரெல் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.