வாயு என்று விட்டுவிடலாமா?



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. காலை நேரம். புட்டும் கடலைக் கறியும் ஆவி பறக்கிறது. பலர் அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். அதன் மேல் ஒரு பால் சாயா. பிறகு வேலைக்கு ஓட்டம். பதினொரு மணிக்கு வயிறு மத்தளம் போல உப்புகிறது. "வாயு" என்கிறார்கள்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? அவசரமாக விழுங்கும்போது உணவோடு காற்றும் உள்ளே போகிறது. இன்னொரு வழியும் உண்டு. கடலையிலும் பயறிலும் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை அதைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன. பால் குடித்தாலும் சிலருக்கு இந்தத் தொல்லை வரும். அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

அதற்காகக் கடலையை விட வேண்டாம். அது விலை குறைந்த நல்ல சத்துணவு. இரவில் ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் நன்றாக வேக வையுங்கள். மெதுவாக மென்று சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் சிறிது நடங்கள். சோடா வேண்டாம். சோடா குடித்தால் ஏப்பம் வரும். வாயு போய்விட்டது என்று தோன்றும். வந்தது சோடாவில் இருந்த காற்றுதான்!

இதெல்லாம் வந்து போகும் உப்புசத்துக்கு. போகாத உப்புசம் வேறு.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக வயிறு உப்பியே இருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. அடிவயிறு வலிக்கிறது. அடிக்கடி சிறுநீர் வருகிறது. அவர் இஞ்சிச் சாறு குடிக்கிறார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று நாளைத் தள்ளுகிறார்.

இது சினைப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சினைப்பை என்பது கருப்பையின் இரு பக்கமும் உள்ள சிறிய உறுப்பு. அதில் கட்டி வளர்ந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் பலர் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பயப்பட வேண்டாம். பெரும்பாலான உப்புசம் புற்றுநோய் அல்ல. ஆனால் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்யாமல் அதை யாரும் சொல்ல முடியாது.

முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவைப்பட்டால் டாக்டர் மேலே அனுப்புவார். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981-இல் தொடங்கியது. ஆர்.சி.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். கன்னியாகுமரிப் பக்கத்தில் இருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டால் வயிற்றில் நீர் கோக்கும். காலும் வீங்கும். அதையும் வாயு என்று சொல்பவர்கள் உண்டு.

திடீரென்று வயிறு வீங்கி, வாந்தி வந்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது வீட்டில் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.