கூரைக் காரை பெயர்வது ஏன்?

இந்த உரை முடிந்ததும் உங்கள் குளியலறைக்குள் சென்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். உட்கூரையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா? பழுப்புக் கறை தெரிகிறதா? எங்கள் அடுக்குமாடி வீட்டில் அப்படியொரு கறை தோன்றியபோது, அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசிவிட்டு நிம்மதியாக இருந்தோம். மறு ஆண்டு ஒரு விடியற்காலையில், சோற்றுத் தட்டளவு காரை பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. என் தாயார் அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்திருந்தார். மேலே பார்த்தால், கம்பி துருவேறித் தெரிந்தது.

கான்கிரீட்டைக் கல் என்றே நாம் எண்ணுகிறோம். அது கல்லன்று. சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. அதனால் புதிய கான்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி; பி.எச். அளவில் 12க்கும் மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது.

ஆனால் கான்கிரீட்டில் நுண்துளைகள் உண்டு. காற்றிலுள்ள கரியமிலவாயு அவற்றின் வழியே புகுந்து சுண்ணாம்பின் காரத்தை முறிக்கிறது. பி.எச். அளவு 9க்கும் கீழே இறங்கிவிடும். இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நகரும். போகப் போக அதன் வேகம் குறையும். 10 மில்லிமீட்டர் செல்லப் பத்தாண்டு ஆனால், 20 மில்லிமீட்டர் செல்ல ஏறத்தாழ நாற்பதாண்டு ஆகும். ஆகவே, கம்பியை மூடும் காரையைப் பாதிக் கனத்தில் விட்டுவிட்ட கொத்தனார், நாற்பதாண்டுப் பாதுகாப்பைப் பத்தாண்டாக்கிவிடுகிறார்!

காரம் போனாலும் ஈரமின்றித் துரு வளராது. எப்போதும் நீரில் மூழ்கிய கான்கிரீட்டிலோ கரியமிலவாயு எளிதில் புகாது. நனைவதும் உலர்வதுமாக இருக்கும் இடமே மிக மோசம். நம் குளியலறைக் கூரைகள் அப்படிப்பட்டவைதாம். மேல்வீட்டுத் தரையிலிருந்து கசிவும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெருக்கிக் காரையைப் பிளந்து தள்ளுகிறது.

கடலோரத்தில் உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையுமுன்னரே அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கழிவுநீர்க் குழாய்களில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கந்தக அமிலம் சிமெண்டையே தின்றுவிடும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வெயிலால் கான்கிரீட் வலிமை இழப்பதில்லை. தீ வேறு. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் கான்கிரீட் வலிமை குன்றும். 600 டிகிரியை ஒட்டிக் கம்பி தன் வலிமையில் பாதியை இழக்கும். சில கற்கள் சேர்ந்த கான்கிரீட், சூட்டில் இளஞ்சிவப்பாக மாறும். தீ அணைந்தபின் பொறியாளர் அந்த நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று கணிக்கத் தொடங்குவார்.

சரி, வெடிப்பைக் கண்டால் என்ன செய்வது? சற்று விலகி நின்று, நீண்ட கழியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'பொத்'தென்று பொள்ளலான ஓசை கேட்டால், உள்ளே காரை கழன்றுவிட்டது. சிங்கப்பூரில் வீவக வீட்டின் உள்ளே இதைச் செப்பனிடுவது உரிமையாளரின் பொறுப்பு. தளர்ந்த காரையை முழுதும் கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புச் சாயம் பூசிய பின்னரே புதுக் காரை வைக்கவேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள். மேல்வீட்டுக் கசிவை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அது நிற்காமல் கீழே எத்தனை முறை பூசினாலும் கறை திரும்ப வரும்.