மண்ணில் வாழும் நுண்ணுயிரி யாருக்குச் சொந்தம்?

(மும்பை தாராவியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாராவியில் நடக்கும் கூட்டத்தில் பயிர் நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருடைய குடும்பங்கள் நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவை. நிலமின்மையும் சாதிக் கொடுமையும் வறட்சியும் சேர்ந்து துரத்தியதால் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்த மக்கள் நாம். ஊரில் நம் அத்தைமார்களும் மதினிமார்களும் இன்றும் நாற்று நடுகிறார்கள், களை பறிக்கிறார்கள். மருந்து தெளித்த வயலில் மறுநாளே வெறுங்காலுடன் இறங்குகிறவர்கள் அவர்கள்தாம்.

நாம் வாழும் இதே மகாராஷ்டிர மாநிலத்தில், யவத்மால் மாவட்டத்தில், 2017-ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தபோது நச்சேறி 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். பாதுகாப்பு உடை அணியாதது அவர்களுடைய தவறு என்று அப்போது பேசப்பட்டது. கொளுத்தும் வெயிலில் தினக்கூலிக்குத் தெளிப்பான் சுமக்கிறவனுக்கு அந்த உடையை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்வதாக ஒன்றிய அரசு 2020 மே மாதத்தில் வரைவு ஆணை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடித்த பிறகு அவற்றில் ஒரு சிலவற்றின் மீதுதான் கை வைத்தது.

வேறு வழி இல்லையா என்ற கேள்விக்கு நம்முடைய பல்கலைக்கழகங்களே ஒரு விடையைக் கண்டு வைத்திருக்கின்றன. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கிராம் வயல் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பாக்டீரியா என்றாலே நோய் என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் அவை அடர்ந்து கூடுகின்றன, ஏனெனில் வேர் சர்க்கரையையும் வேறு பல சத்துகளையும் கசியவிடுகிறது. ஜெர்மன் அறிவியலாளர் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-இல் இந்தப் பகுதிக்கு வேர்மண்டலம் எனப் பொருள்படும் தனிப் பெயர் இட்டார். இந்த வேர்மண்டலத்துக் குடிகளில் ஒன்றுதான் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். புறஊதா ஒளியில் இது சுரக்கும் நிறமி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பெயரின் பிற்பகுதி அதனால் வந்தது.

இது பயிரைக் காக்கும் முறை வியப்புக்குரியது. நோய் உண்டாக்கும் பூஞ்சாணத்திற்கு இரும்புச் சத்து வேண்டும். இந்தப் பாக்டீரியாவோ இரும்பைப் பற்றி இழுக்கும் ஒரு பொருளைச் சுரந்து, அக்கம்பக்கத்து இரும்பையெல்லாம் தன்வசமாக்கிக் கொள்கிறது. பூஞ்சாணம் பட்டினியில் ஒடுங்குகிறது. அமெரிக்காவில் கிளோப்பரும் அவருடைய சகாக்களும் 1980-இல் இதை ஆய்வின் மூலம் எடுத்துக்காட்டினர். இதற்கு மேல் பூஞ்சாணத்தைக் கொல்லும் எதிருயிர்ப் பொருள்களையும் இது தயாரிக்கிறது. இவற்றை விடவும் முக்கியமானது மூன்றாவது வேலை. வேரில் குடியேறிய பாக்டீரியா, பயிரின் சொந்த எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புகிறது. வேரில் நடப்பதற்கு இலை விழித்துக் கொள்கிறது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

சோதனைக் குழாயில் இதைக் கண்டவர்கள் உலகெங்கும் உண்டு. உயிருள்ள பாக்டீரியாவை வயலுக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் பலரும் தடுமாறினர். இந்த இடத்தில்தான் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பங்கு தனித்துத் தெரிகிறது. அங்கு பயிர் நோயியல் துறையில் வித்யாசேகரனும் முத்தமிழனும் பாக்டீரியாவை டால்க் எனப்படும் மாக்கல் தூளில் கலந்து, பல மாதங்கள் உயிருடன் இருக்கும்படி செய்தனர். கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு எதிராக இதைப் பயன்படுத்திய ஆய்வு 1995-இலும், நெல்லின் இலையுறைக் கருகலுக்கான ஆய்வு 1999-இலும் வெளிவந்தன. பிஎஃப்1 என்ற வகை இவ்வாறு விவசாயியின் கைக்கு வந்தது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள் போதும். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஞானமாணிக்கம் நெல்லின் குலை நோய்க்கு எதிராக இத்தகைய பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். இதோ நமக்கருகே, செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், காமா கதிர் பாய்ச்சி டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தின் மேம்பட்ட வகையை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த மதிலுக்குள் அணுவைப் பற்றி மட்டும்தான் ஆராய்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

இவை யாவும் மக்களின் வரிப்பணத்தில், பொது நிறுவனங்களில் நடந்த ஆய்வுகள் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி வேறொரு கதை. சூடோமோனாஸ் இனத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். அதுவும் சூடோமோனாஸ் இனமே. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கலாமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் வழங்கலாம் என்றது. பாக்டீரியா பயிரை எப்படிக் காக்கிறது என்பது தெளிவுபட்ட அதே ஆண்டில், பாக்டீரியா தனிச்சொத்தாகவும் ஆனது! உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கத்தை உலகம் முழுவதற்கும் விதியாக்கிற்று. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தம் தாவரங்களையும் விலங்குகளையும் காப்புரிமைக்கு வெளியே வைத்தது. நுண்ணுயிரிகளை மட்டும் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிற்று. அதே ஆண்டில் வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நுண்ணுயிரிகளையும் நாட்டின் உயிர்வளம் என்று கணக்கில் எடுத்தது. அதை மீறினால் சிறைத் தண்டனை உண்டு என்றிருந்ததை 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. அபராதம் கட்டினால் போதும். பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவே.

இத்தனை நல்ல பொருள் ஏன் எல்லா வயல்களிலும் இல்லை? பாக்டீரியாவுக்கும் குறைகள் உண்டு. அது உயிர்ப்பொருள். வெயிலில் கிடந்தால் சாகும், நாள்பட்டால் சாகும். நோய் முற்றிய பிறகு போட்டால் பெரிதாக உதவாது. ஒரு மண்ணில் நன்றாக வேலை செய்தது மற்றொரு மண்ணில் தளரக்கூடும். இதை மறைத்து, இயற்கை என்ற ஒரே சொல்லை மந்திரம்போல் ஓதுபவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இவை விரிவாக்கப் பணியாளரும் அரசு ஆய்வகமும் விவசாயியின் பக்கத்தில் இருந்தால் தீரக்கூடிய குறைகள். நடைமுறையில் அவர் பக்கத்தில் இருப்பவர் மருந்துக் கடைக்காரர். கடனுக்குச் சரக்கு தருபவரும் அவரே, எந்த நோய்க்கு எதை அடிப்பது என்று சொல்பவரும் அவரே. மலிவான தூள் பொட்டலத்தில் அவருக்கு என்ன மிஞ்சும்? மருந்து நிறுவனத்தின் லாபம் அடுத்த தெளிப்பில் இருக்கிறது. வேரில் தங்கிப் பெருகும் பாக்டீரியா அந்த அடுத்த தெளிப்பைக் குறைத்துவிடும். சந்தை ஏன் இதைத் தள்ளி வைக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கியூபாவைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்து, அமெரிக்கத் தடையும் இறுகியபோது, அங்கு உரமும் பூச்சிக்கொல்லியும் வருவது பெருமளவு குறைந்தது. மாவட்டங்கள் தோறும், கூட்டுறவுப் பண்ணைகளை ஒட்டி, 200-க்கும் மேற்பட்ட சிறு ஆய்வுக்கூடங்களில் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் பூஞ்சாணங்களையும் பூச்சிகளையும் பெருக்கினார்கள். அவற்றில் பணியாற்றியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள்.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021-இல் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தியது. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இடையில் சீன நிறுவனம் ஒன்று அனுப்பிய இயற்கை உரத்தில் பயிருக்குத் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் துறை கண்டறிந்தது, நிறுவனம் மறுத்தது, கப்பல் திருப்பப்பட்டது, ஆனாலும் 67 லட்சம் டாலர் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று. அன்னியச் செலாவணி இல்லாத அரசு தன் நெருக்கடியை இயற்கை வேளாண்மை என்று பெயரிட்டு விவசாயியின் தலையில் இறக்கியது என்பதே என் கருத்து.

ஆகவே நாம் கோருவது திட்டவட்டமானது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நுண்ணுயிரி தயாரிக்கும் பொது ஆய்வகம் வேண்டும். அதைக் கூட்டுறவுச் சங்கம் விற்க வேண்டும். பொட்டலத்தில் உயிருள்ள பாக்டீரியா உண்மையில் இருக்கிறதா என்று அரசு சோதிக்க வேண்டும், ஏனெனில் வெறும் மாக்கல் தூளையும் பாக்டீரியா என்று சொல்லி விற்க முடியும். பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்த வகைகளைத் தனி நிறுவனம் ஒன்றிற்கு மட்டும் உரிமை எழுதித் தரக்கூடாது.

முன்வரிசையில் இருக்கும் தோழர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கூலிக்கு நடவு நடும் பெண்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்வி. நடவு வயலின் ஒரு பகுதியில் தண்ணீர் தேக்கி, எக்டேருக்கு இரண்டரை கிலோ தூளைக் கரைத்து, பறித்த நாற்றுகளின் வேரை அரை மணி நேரம் அதில் ஊற வைத்து நட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தக் கரைசல் பூச்சிக்கொல்லியைப் போல் கையை எரிக்காது, மயக்கம் தராது. உலர்ந்த தூளைக் கொட்டும்போது மட்டும் மூக்கை மூடிக் கொள்ள வேண்டும். ஆனால் அந்த அரை மணி நேரமும், முடிகளைச் சுமந்து சென்று நனைத்து எடுப்பதும், நடவுக் கூலிக்குள்ளேயே அடக்கப்பட்டுவிடும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசும்போதே வேர் நனைக்கும் வேலைக்குத் தனிக் கூலி கேட்குமாறு, பொங்கலுக்கு ஊர் போகும் தோழர்கள் அங்குள்ள விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையில் இப்போதே பேசி வைக்க வேண்டும்.