பரணிலிருந்து இறங்கிய இசைப்பெட்டி



என் அத்தை வீட்டுப் பரணில் நெடுங்காலமாக ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதற்குள் இருந்தது இசைத்தட்டுகளைச் சுழற்றும் கருவி. இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்னும் ஊரில் காரார்டு நிறுவனத்தார் செய்தது அது. மாமா ஆசையோடு வாங்கியது. அவர் மறைந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. சென்ற கோடையில் அத்தை என்னை அழைத்து, "இது பாடுமா என்று பார், தம்பி. பாடாது என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றார். பெட்டியோடு பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும் வந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் அத்தை தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். என் பாட்டி விரும்பிக் கேட்ட பழைய நாடகப் பாட்டு அதில் பதிவாகியிருந்தது.

இத்தகைய கருவி கைக்கு வந்தவுடன் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அது கூடாது. மின்கம்பியின் ரப்பர் உறையை நான் விரலால் தொட்டபோதே அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாதியை எலி கடித்திருந்தது. உலோக உடலில் மின்சாரம் ஏறியிருந்தால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு கம்பியை மாற்றிய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கினேன்.

சுழல்தட்டைத் தூக்கினால் அடியில் ஓர் அழகான ஏற்பாடு தெரியும். இவ்வகைக் கருவிகளில் உள்ள நான்கு துருவ மோட்டார், நம் நாட்டின் 50 சுழற்சி மின்சாரத்தில், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். இசைத்தட்டுக்கு வேண்டியதோ 78 சுற்று. 1948-இல் வந்த நெடுநேரத் தட்டுக்கு 33⅓ சுற்று. இந்த வேகத்தைக் குறைப்பது ஒரு சிறிய ரப்பர் சக்கரம். மோட்டாரின் தண்டு படிப்படியாகப் பருமன் மாறிச் செல்கிறது. ரப்பர் சக்கரம் ஒரு பக்கம் அந்தத் தண்டையும் மறுபக்கம் சுழல்தட்டின் உள்விளிம்பையும் தொட்டு நிற்கிறது. தண்டின் எந்தப் படியைத் தொடுகிறதோ அதற்கேற்ற வேகம் கிடைக்கிறது.

யாரோ எப்போதோ நெம்புகோலைப் பழைய நிலைக்குத் தள்ளாமலே விட்டுவிட்டார்கள். அதனால் அந்தச் சக்கரம் தண்டின்மீது ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்து, ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சுழற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தட், தட்' என்று ஓர் ஓசை. நுண்ணிய உப்புத்தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்தால் பள்ளம் மறையும். ஆனால் சக்கரம் சிறுத்து வேகம் மாறிவிடாதா என்று ஓர் இரவு முழுவதும் அஞ்சினேன். அச்சம் வீண். தண்டின் விளிம்பு எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு தூரமே இடைச்சக்கரத்தின் விளிம்பும் நகர்கிறது. சுழல்தட்டின் விளிம்பும் அவ்வாறே. ஆகவே இடையில் நிற்பது பெரிதானாலும் சிறிதானாலும் வேகம் ஒன்றுதான். காகிதத்தில் ஒரு படம் போட்டுப் பாருங்கள், விளங்கும்.

சுழல்தட்டின் நடுத்தண்டில் இட்டிருந்த எண்ணெய் வேப்பம்பிசின்போல் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். தண்டு முழுவதும் அடியிலுள்ள ஒரே ஓர் எஃகுக் குண்டின்மேல்தான் நிற்கிறது. மிளகளவே உள்ள அந்தக் குண்டு என் கையிலிருந்து நழுவி உருண்டு ஓடி, அரைநாள் என்னைத் தரையில் தவழ வைத்தது. இவ்வேலையைத் தாம்பாளத்தில் துணி விரித்துச் செய்ய வேண்டும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். கழுவிய இடங்களில் தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் போதும். ரப்பரிலும் விளிம்பிலும் எண்ணெய் படவே கூடாது, பட்டால் வழுக்கும். எனவே அவ்விரண்டையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். பளிச்சென்று ஆயின.

அந்தப் பளபளப்புத்தான் என்னைக் கெடுத்தது. ஸ்பிரிட்டுப் புட்டி கையருகே இருந்தது. பாட்டியின் இசைத்தட்டும் தூசி படிந்து அருகே கிடந்தது. துணியை நனைத்து வெளியோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றித் துடைத்தேன். துணியில் கருமை ஏறியது. அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்து இன்னொரு முறையும் துடைத்தேன். பிறகு வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பகுதி மங்கி வழவழவென்று இருந்தது. போனது அழுக்கு அன்று, பாட்டு.

பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. பலாசு, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கு. அதனோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தித் தட்டாக்கினார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கரைவதனால்தானே தச்சர்கள் அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து மேசை நாற்காலிகளுக்கு மெருகு பூசுகிறார்கள்? மெருகு போடுவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். பார்த்ததையும் கையிலிருந்ததையும் என் மூளை சேர்த்து நினைக்கவில்லை. இந்தத் தட்டுகளுக்குத் தண்ணீரும் துளி மென்சோப்பும் போதும். நடுவிலுள்ள தாள் நனையாமல் துடைத்து உடனே ஈரம் போக்கிவிட வேண்டும்.

நான்கு நாள் அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அந்த நாட்களில் மீதி வேலையை முடித்தேன். முள் தாங்கும் பகுதியில் இருந்தது ரோஷெல் உப்பு என்னும் படிகம். முள்ளின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் இந்த உப்புக்கு ஈரமும் வெப்பமும் ஆகா. நம் கடற்கரை ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. அது செத்துப்போயிருந்தது, அதற்குப் பதில் பீங்கான் வகை ஒன்றைப் பொருத்தினேன். அதில் இரண்டு முட்கள். நெடுநேரத் தட்டின் முள் நுனியைவிட 78-க்குரியது ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்தது. மாற்றி வைத்தால் நுண்முள் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலே எழும்.

வேகம் சரியா என்பதைக் கோடு போட்ட ஒரு வட்டத்தாள் காட்டிவிடும். 50 சுழற்சி மின்சாரத்தில் நியான் குமிழ் நொடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை மின்னுகிறது. அதை 78-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 77. தாளில் 77 கோடுகள் சம இடைவெளியில் இருந்து தட்டும் சரியான வேகத்தில் சுழன்றால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 33⅓-க்கு 180 கோடுகள். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது பலிக்காது. முதலில் கோடுகள் பின்னோக்கி ஊர்ந்தன. மோட்டாருக்கும் எண்ணெய் விட்டு அரைமணி ஓடவிட்ட பின் நின்றன.

ஐந்தாம் நாள் பெட்டியை அத்தை வீட்டுக் கூடத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அத்தை தட்டை வாங்கி, மங்கிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எவ்வளவு போயிற்று?" என்றார். "முக்கால் நிமிடம் இருக்கும், அத்தை." "மீதியைப் போடு" என்றார்.

முள்ளைத் தூக்கி, வழவழப்பு முடியும் இடத்தில் வைக்கப் போனேன். "சற்றுப் பொறு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நடுங்கும் குரலில், பாட்டின் முதல் அடிகளைத் தாமே பாடத் தொடங்கினார். பல்லவி முடிந்ததும் என் கையை விட்டார். நான் முள்ளை இறக்கினேன்.