நாள் தள்ளிப்போனால்

மார்கழி மாதம். ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப்பழம் பறிக்கும் காலம். என்னிடம் முன்பு பயின்ற பெண்ணொருத்தி தன் மருமகளுடன் வந்தாள். "ஐயா, இவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கடைக்காரர் இம்மாத்திரையைக் கொடுத்தார். விழுங்கலாமா?" என்றாள். ஆண்மகன் பேசும் பொருளா இது என்று சற்றே தயங்கினேன். பிறகு தயங்கியதற்கு நாணினேன்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்னும் ஹார்மோன்களை மிகுந்த அளவிற் சேர்த்து, கருச்சோதனை மருந்தென்று ஒரு காலத்தில் விற்றனர். உண்டு நிறுத்தியபின் உதிரம் கண்டால் கரு இல்லை. காணாவிடில் கருவுண்டு என்பது கணக்கு. கரு கலையும் என்றெண்ணி உண்டவரும் உண்டு. முதுகெலும்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளின் அன்னையரை ஆராய்ந்த இசபெல் கால் என்னும் மருத்துவ அம்மையார், 1967-ல் அம்மருந்தின்மேல் ஐயம் எழுப்பினார். அதுபற்றிய விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. நம் நாட்டில் மகளிர் அமைப்புகள் நெடுங்காலம் போராடிய பின்னரே, 1988-ல் தடை வந்தது.

அவள் கையிலிருந்தது அம்மருந்தன்று. உதிரத்தை வரவழைக்கும் வேறொரு ஹார்மோன் மாத்திரை. "முதலில் சிறுநீரைச் சோதித்துப் பார், அம்மா. கருவில்லை என்று வந்தும் நாள் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மறுபடி சோதி, பிறகு மருத்துவரைக் கேள்" என்றேன். இருவரும் சுகாதாரச் செவிலியரிடம் சென்றனர்.

சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தனவாம். அந்த மாத்திரை அட்டை இன்னும் பிரிக்கப்படாமல் என் மேசைமேல் கிடக்கிறது.