பாடும் பலகை



பாட்டுப் பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். பெட்டி நம்முடையது. அதனை இயக்கும் மென்பொருள் யாருடையது? செய்து விற்ற நிறுவனம் அத்தொழிலைக் கைவிட்டால் நம் பெட்டியின் கதி யாது? இவ்வினாக்களுக்கு அண்மைக் கால வரலாறு ஒன்று விடை தருகிறது.

கணினியில் சேமித்த இசையை வீட்டின் பிற அறைகளிலும் ஒலிக்கச் செய்யும் கருவியை, அமெரிக்காவில் ஸ்லிம் டிவைசஸ் என்னும் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கிற்று. பின்னர் வந்த கருவிகளுக்கு ஸ்க்வீஸ்பாக்ஸ் என்று பெயர். கருவியை விலைக்கு விற்ற அந்நிறுவனம், இசையை அனுப்பும் சர்வர் மென்பொருளின் மூல நிரலை மட்டும் யாவர்க்கும் திறந்து வைத்தது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்திவிட்டது.

அதே ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள், இங்கிலாந்தில் உருவான ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுவதற்கென்று ஒரே பலகையில் அமைத்த, உள்ளங்கை அளவான கணினி அது. அப்போதைய விலை 35 டாலர். இசையன்பர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். ஸ்க்வீஸ்லைட் என்னும் சிறு நிரலை அதில் ஏற்றினால், சர்வரின் கண்ணுக்கு அப்பலகையும் ஒரு ஸ்க்வீஸ்பாக்ஸே.

அந்நிரலின் வேலை எளிதன்று. குறுந்தட்டின் தரத்தில் ஒலிக்கும் இசைக்கு, ஒரு நொடியில் ஒவ்வொரு பக்க ஒலிக்கும் 44,100 எண்கள் தேவை. அவற்றை மின்னலையாக்கும் சில்லு ஒரு கணமும் காத்திராது. வலையமைப்போ சில வேளை விரைந்தும் சில வேளை தயங்கியும் தரும். ஆகவே, கிணற்று நீரைத் தொட்டியில் தேக்கி வாய்க்காலில் விடுவதுபோல், நிரல் இசையை நினைவகத்தில் தேக்கி ஒரே சீராக அனுப்புகிறது. தேக்கம் வற்றினால் பாட்டு அறுபடும்.

வேறோர் இடரும் உண்டு. கணினியை முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால், நினைவு அட்டையில் எழுதப்படும் செய்திகள் சிதையக்கூடும். வானொலிப் பெட்டியை அணைப்பவர் யாரும் அதனிடம் விடைபெற்று அணைப்பதில்லை! பைகோர்பிளேயர் என்னும் தொகுப்பை அமைத்தவர்கள் இதனை உணர்ந்து, தொடங்கும்போதே இயங்குதளம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளச் செய்தனர். அதன்பின் அட்டையில் எழுதும் தேவை மிகக் குறைவு; மின்சாரம் திடீரென நின்றாலும் பெரும்பாலும் கேடில்லை.

இவையெல்லாம் கைகூடியதற்குக் காரணம் பொது உரிமம். மென்பொருளை இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆனால் திருத்தியதை வழங்குவோர் அதன் மூல நிரலையும் அவ்வுரிமையோடு வழங்குதல் வேண்டும். பெற்றவர் தாழிட்டுக்கொள்ள இயலாத கொடை அது.

2024-இல் ஸ்க்வீஸ்பாக்ஸுக்கென நிறுவனம் நடத்திவந்த இணையச் சேவையும் நின்றது. ஆயினும் அந்த சர்வர் மென்பொருள் மடியவில்லை. லிரியன் என்னும் புதுப்பெயருடன், ஆர்வலர்களின் உழைப்பால் வாழ்கிறது; பழைய ஸ்க்வீஸ்பாக்ஸும் புதிய பலகையும் ஒரே பாட்டை ஒருங்கே பாடுகின்றன.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. திறந்த மென்பொருள் தானே வாழ்வதன்று. பேணுவார் இருக்கும் வரையே வாழும். நிரல் எழுதத் தெரிந்தவர்தாம் பேண இயலும் என்பதும் இல்லை. பிழை கண்ட இடத்தைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பதும், பயன்படுத்தும் முறையைத் தமிழில் எழுதித் தருவதும் தொண்டே ஆகும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடாக்களின் பாடல்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றி வைத்திருப்பார்கள். அவற்றை ஒலிக்கும் கருவி பழுதாகலாம். செய்தவர் கடையைக் கட்டலாம். இயக்கும் நிரல் திறந்திருக்குமானால், நம் பிள்ளைகள் வேறொரு பலகையில் அதனை ஏற்றி, அதே பாட்டைக் கேட்பார்கள்.